தகர வில்லையும் தூக்குப் பாலமும்

1

திருத்தணிக்காரர்களுக்கு ரயில் என்றால் மலைக்குக் கீழே போகிற ரயில்தான். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகிற பாதை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். 365 படி ஏறுவார்கள். சாமி பார்த்துவிட்டு, மொட்டை அடித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிப் போவார்கள். எங்கள் காலனிக்கு ரயில் வேறு மாதிரி. எங்க நைனா ரயில்வேயில் கேங்மேன். விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார். நான் படி ஏறி சாமி பார்த்ததைவிட, அவருக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் ஜல்லியில் நடந்ததுதான் அதிகம்.

நைனாவுக்கு ஒரு ஆசை இருந்தது. பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும். 'பாலம்னா அதுதாம்மா பாலம். கடலு மேல தண்டவாளம் போட்டு, அதுல வேலையும் பாக்குறானுங்களே, அவங்க கேங்மேனுங்க' என்பார். ரிட்டயர் ஆகி பாஸ் இருந்தும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப் போனது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. தூக்குப் பாலத்து இரும்பு பலவீனமாகிவிட்டது, இனி வண்டி விட முடியாது என்றார்கள். நைனா அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். 2023 ஜனவரியில் பொங்கல் கழித்து நான்தான் கிளப்பினேன். 'வண்டி ஓடாத பாலத்தப் போயி இன்னா கண்ணு பாக்கறது?' என்றவரை இழுத்துக்கொண்டு போனேன்.

எனக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது. அது சிலோன் ஆயா.

எங்கள் காலனியின் கடைசி வீட்டுக்கு 'சிலோன்காரர் வீடு' என்று பேர். அந்த ஆயாவை நாங்கள் எல்லோரும் சிலோன் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மாவும் அங்கேதான் பிறந்தார். 1970களில் கப்பலில் வந்தார்கள். அவர் வீட்டுக்காரருடைய பாட்டன் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து போனவராம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணால் பார்த்திராத எங்கள் ஊரை 'சொந்த ஊர்' என்று காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆயா சாகும்வரை ஒரு தகரப் பெட்டியில் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை வைத்திருந்தார். எம்.ஏ. படிக்கும்போது ஒருநாள் அதை எடுத்துக் காட்டினார். 'பாலத்தத் தாண்டறப்ப வண்டி மெதுவா போச்சு தாயீ. நடக்கறதக் காட்டியும் மெதுவா. முன்னால பாத்தாலும் கடலு, பின்னால பாத்தாலும் கடலு. எங்க ஊரு எந்தப் பக்கம்னு எனக்கு வெளங்கல' என்றார்.

நான் படித்த தமிழ் இலக்கிய வரலாற்றில் 'புலம்பெயர்ந்தோர்' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் ஆயா இல்லை.

2

மண்டபத்தோடு ரயில் நின்றுவிட்டது. இறங்கி வெளியே வந்தால் பேருந்துக்காரர்கள் 'ராமேஸ்வரம், ராமேஸ்வரம்' என்று கூவுகிறார்கள். நாங்கள் ஏறவில்லை. நடப்பது என்று முடிவு. நைனாவுக்கு நடப்பது ஒரு பொருட்டே இல்லை.

பாலம் தொடங்குவதற்கு முன்னால் சாலைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் வருகிறது. நைனா நின்றார். குனிந்து பார்த்தார். 'பாத்தியா? வண்டி ஓடற ரயிலு தலையில பளபளன்னு வெள்ளி மாதிரி இருக்கும். இதுல துரு ஏறிடுச்சு. ஒரு மாசந்தான் ஆவுது' என்றார். படித்தவர்கள் ஒரு பாலம் செத்துவிட்டதை அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அவர் துருவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ரயில் பாலத்தின் மேல் நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. அதன் பக்கத்தில், அதைவிட உயரத்தில் போகிற சாலைப் பாலத்தில் நடக்கலாம். அன்னை இந்திரா காந்தி பாலம். 1988 அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் நடுவில் நின்று பார்த்தால் தெரிகிற காட்சி இருக்கிறதே, அதற்காகத்தான் அத்தனை வண்டிகளும் அங்கே நிற்கின்றன. நின்றால் போலீஸ் விரட்டுகிறது, அப்படியும் நிற்கிறார்கள். ஒரு பக்கம் பச்சைக் கடல். இன்னொரு பக்கம் நீலக் கடல். கீழே வரிசையாகத் தூண்கள், அதன்மேல் ஒல்லியாக ஒரு கோடு மாதிரி பழைய ரயில் பாலம். நடுவில் இரண்டு கைகளைக் கோத்தது மாதிரி தூக்குப் பாலம். அதன் பக்கத்திலேயே அப்போது புதுப் பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. காற்று ஆளைத் தள்ளுகிறது. பொய் சொல்லக் கூடாது, அழகுதான். நானும் இரண்டு போட்டோ எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு அப்பா தன் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1911இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24இல் திறந்தார்கள். 143 தூண்கள். நடுவில் இருப்பது ஷெர்சர் என்ற அமெரிக்கர் பேரில் அழைக்கப்படுகிற திறப்புப் பாலம், கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நெம்புகோல் சுற்றித் தூக்குவார்கள். 1964 புயலில் பிய்த்துக்கொண்டு போனது. 145 கர்டர்களில் 126 போயிற்று. ஸ்ரீதரன் என்கிற இளம் எஞ்சினியர், கடலுக்கடியில் கிடந்த கர்டர்களை எடுத்து மாட்டி 46 நாளில் திரும்பவும் வண்டி ஓட வைத்தார். எல்லாம் சரியான தகவல். எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கும். பையன் கேட்டான்: 'அப்பா, எதுக்குக் கடல் மேல பாலம் கட்டுனாங்க?' அவர் 'ராமேஸ்வரம் கோயிலுக்குப் போறதுக்குடா' என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

3

கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பாலம் வருவதற்கு முன்னாலும் போனார்கள், படகில். வெள்ளைக்காரன் கடல்மேல் இரும்பு போட்டது ராமநாதசாமிக்காக அல்ல. 1914இல் இந்தப் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பலும் சேர்ந்துதான் திறக்கப்பட்டன. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் சுமார் முப்பது கிலோமீட்டர் கடல், அந்தக் கரையில் மீண்டும் ரயில், கொழும்பு. போட் மெயில் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வணிகர்கள் போனார்கள், அதிகாரிகள் போனார்கள், கச்சேரிக்காரர்கள் போனார்கள். அவர்களைப் பற்றிய கதைகள் இருக்கின்றன. ஆனால் அதே பாதையில் மூட்டை முடிச்சோடு பெருங்கூட்டமாகப் போனவர்கள் தோட்டக் கூலிகள். இலங்கையின் தேயிலைக்கும் ரப்பருக்கும் வருஷா வருஷம் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தமிழ்நாட்டுச் சேரிகளில் இருந்தது.

திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை என்று பல ஜில்லாக்களிலிருந்து போனார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பெரிய கங்காணிகளில் பலர் சாதியில் மேலே நின்றவர்கள். அதாவது ஊரில் இருந்த அதே ஏணியைத்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்து லயங்களிலும் சாதி பார்த்து வீடு ஒதுக்கினார்கள்.

ஏன் போனார்கள்? பஞ்சம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது நம் பொதுப்புத்தி. பஞ்சம் உண்மை. 1876-78 பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆனால் பஞ்சத்தில் எல்லோரும் கப்பல் ஏறவில்லையே? நிலம் இல்லாதவன் ஏறினான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை நம்மில் பலர் படித்திருப்போம். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதாரன் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்ற நிலையில் ஒரு ஜனம் இருந்ததை அவர் எழுதினார். அதன் பேரில்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் பிறகு எங்கே போனது என்பது வேறு கட்டுரை. படியாளாக இருந்து அடிபட்டுச் சாவதா, கங்காணி சொல்கிற கண்டிச் சீமைக்குப் போய்ப் பார்ப்பதா என்ற இடத்தில் நின்று ஒருத்தன் எடுத்த முடிவு அது. ஏமாந்து போனவர்கள் உண்டு. தப்பித்துப் போனவர்களும் உண்டு. நம் பாட்டன்களை வெறும் ஏமாளிகளாக எழுதுவதும் ஒரு ஆதிக்கப் பார்வைதான்.

ரயிலும் பாலமும் வருவதற்கு முன்னால் தோணியில் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். காலரா, காய்ச்சல், குடிக்கத் தண்ணீர் இல்லை. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் செத்ததாக 1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை எழுதியது. அந்தக் கணக்கு சரியா என்று ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எழுபதாயிரமோ, அதில் பாதியோ, செத்தவன் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பேர் எழுதவில்லை. ஆனால் எண் போட்டார்கள். 1901இல் 'டின் டிக்கெட்' என்று ஒரு முறை வந்தது. ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் எந்த அதிகாரியும் ஆளைக் கேட்க வேண்டியதில்லை, வில்லையைப் பார்த்தால் போதும், இந்த மூட்டை எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். செலவு தோட்டத்துக் கணக்கில். அந்தக் கணக்கு பிறகு கூலியின் கடனில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். துண்டில் கடன் தொகை எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கொடுக்கிறவன் ஆளை எடுத்துக்கொள்வான். 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்தப் பாலத்தின் இந்தக் கரையில், நானும் நைனாவும் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் முகாம். இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது, ஆனால் இருந்தது நம் மண்ணில். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தி வைத்தார்கள். காலரா, பிளேக், அம்மை கொண்டு வந்துவிடுவார்களாம். துணியை ஆவியில் வேக வைத்து, குளிக்க வைத்து, அம்மை குத்தி, நாள் கணக்கில் அடைத்து வைத்து, அப்புறம்தான் பாலம் தாண்ட விட்டார்கள். ஊரில் கிணற்றைத் தொடாதே என்றவன் தீட்டு என்று சொன்னான். இங்கே தொற்று என்று சொன்னார்கள். கிருமி உண்மைதான், மருத்துவமும் வேண்டியதுதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜனத்தையே நோயாகப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் அந்த ஊழியர்களுக்கு இருந்திருக்காது.

அந்த இடத்துக்குப் பேரே முகாம் என்று ஆகிவிட்டது. மண்டபம் என்று ஒரு ரயில் நிலையம், அதற்கு முன்னால் மண்டபம் கேம்ப் என்று இன்னொரு ரயில் நிலையம். சாமி பேரில் ஸ்டேஷன் உண்டு, ராஜா பேரில் உண்டு. கூலிகளை அடைத்து வைத்த இடத்தின் பேரில் ஒரு ஸ்டேஷன் இருப்பதை வண்டியில் போகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

4

1939 ஆகஸ்டில் இலங்கைக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் அந்தப் பக்கம் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற வருஷமே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு, அந்த மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று.

1964 அக்டோபர் 30. டில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர். அதில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்க்கலாம். 1974இல் இந்திரா காந்தி வந்து அதையும் ஆளுக்கு எழுபத்தைந்தாயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். சகோதரர்கள் பாகம் பிரிக்கிறபோது ஆடு மாடு எண்ணுவது மாதிரி. எண்ணப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் முடியவில்லை. டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயல். தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதிலேயே போனார்கள். தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காற்றில் கடலில் இறங்கி வேலை செய்தவர்களை நினைத்தால் எங்க நைனாவுக்குக் கண் கலங்குகிறது. ஆனால் நாம் கணக்குப் பார்க்கிற ஜனம் இல்லையா, இதையும் பார்ப்போம். ஒடிந்த பாலத்துக்கு 46 நாள். 1948இல் ஒடித்த குடியுரிமைக்கு? நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கை சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது 2003இல். ஐம்பத்தைந்து வருஷம்.

தனுஷ்கோடி போனபின் கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடியது, 1984 வரை. சிலோன் ஆயா அப்படித்தான் வந்தார். ராமேஸ்வரத்தில் இறக்கி, சாமானைக் கொட்டிச் சோதித்து, ரயிலில் ஏற்றி, இந்தப் பாலத்தின் மேல் கொண்டுவந்து, மண்டபம் முகாமில் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். பாட்டனை அடைத்து வைத்து அனுப்பிய அதே முகாம். பேத்தியை வரவேற்றதும் அதே முகாம். அங்கே குடும்ப அட்டை கொடுத்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கப் பேர் கொடுத்தார்கள். பிள்ளைகளையும் சேர்த்தால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். சிலரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், அதுதான் பிறகு டான்டீ ஆனது. சிலருக்கு மில். சிலருக்கு வியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணம். காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவர்களை மளிகைக் கடை வைக்கச் சொன்னார்கள்.

ஆயாவின் குடும்பத்துக்கு வியாபாரக் கடன். எங்கள் ஊரில் யாரிடம் வியாபாரம் செய்வது? காலனி ஆள் கடையில் ஊர்க்காரன் சாமான் வாங்குவானா? ஆறு மாதத்தில் பணம் கரைந்து, கழனி வேலைக்குப் போனார்கள். 'லயத்துல சாதி இல்லாம இல்ல தாயீ. கங்காணி வீட்டுக்குள்ள நாங்க போவ முடியாது. ஆனா டீக்கடையில எனக்குன்னு தனியா ஒரு கிளாசு மாட்டி வெச்சிருந்தத இங்க வந்துதான் பாத்தேன். தாய்நாடு, தாய்நாடுன்னு சொல்லித்தான கூட்டியாந்தாங்க?' என்று ஆயா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

5

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

திருத்தணி முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். ஜெயிலுக்குப் போனார்கள். படாஸ்கர் வந்து எல்லை பார்த்துச் சொன்னார். 1959இல் சட்டம் போட்டார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பதிலுக்கு சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. எல்லைப் போராட்டம் என்று பாடப் புத்தகத்திலும் மேடையிலும் இன்றைக்கும் பேசுகிறோம். அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். நான் தமிழ் படித்ததற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்க பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பாள். 'ராத்திரி தெலுங்கு ராஜ்ஜியத்துல படுத்தோம். காலையில தமிழு ராஜ்ஜியத்துல எழுந்தோம். நாங்க எங்கியும் போவல. சேரியும் எங்கியும் போவல.' எல்லை நகர்ந்தது, மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து டில்லியில் போட்ட ஒப்பந்தத்தில் எல்லை நகரவில்லை, மக்களை நகர்த்தினார்கள். ஒரு தாலுகா மண்ணுக்காகத் தமிழன் என்ற உணர்ச்சி எவ்வளவு பொங்கியது என்று எங்கள் ஊர் சாட்சி சொல்லும். ஐந்தேகால் லட்சம் தமிழர்களைத் தலை எண்ணிப் பிரித்தபோது அந்த உணர்ச்சி எந்த அளவுக்குப் பொங்கியது? மண்ணுக்கு இருக்கிற மதிப்பு அந்த மண்ணில் பிடியளவுகூட இல்லாதவனுக்கு ஏன் இல்லை? அவன் தமிழன் என்பதற்கு முன்னால் கூலி, கூலி என்பதற்கு முன்னால் சாதி. இதை ஒப்புக்கொள்ளாமல் மலையகத்தைப் பற்றி மேடையில் உருகுவதில் பிரயோசனமில்லை.

இது பழைய கதையும் இல்லை. 1983க்குப் பிறகு போர் துரத்தி வந்த அகதிகளையும் முதலில் மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மலையக வம்சாவளிக்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவனுடைய பேரப் பிள்ளைகள், தமிழ்நாட்டில் அகதிகள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. இலங்கை இல்லை. 2021இல் அகதி முகாம் என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. நல்ல மாற்றம்தான். பேர் மாறியதும் கையில் குடியுரிமை வந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் எரிபொருளுக்கும் திண்டாட்டம் வந்தபோது படகில் வந்து இறங்கியவர்களையும் அதே மண்டபத்தில்தான் தங்க வைத்தார்கள். அதே வருஷம் டான்டீ தோட்டத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அரசாணை வந்தது. அங்கே குடியிருக்கிற 'தாயகம் திரும்பியோர்' மறுபடியும் எங்கே திரும்புவது என்று கேட்டார்கள்.

நானும் நைனாவும் பாலத்தின் மேல் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, முகாமில் குழந்தைகள் தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். காட்சி பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தவில்லை.

6

அன்று மதியம் பேருந்து பிடித்துத் தனுஷ்கோடி போனோம். இடிந்த மாதா கோயில், இடிந்த ரயில் நிலையம், மொட்டையாக நிற்கிற தண்ணீர்த் தொட்டி. சங்கு விற்கிறார்கள், பொரித்த மீன் விற்கிறார்கள். ரயில் போன தடத்தை நைனா கண்டுபிடித்துவிட்டார். மண் கொஞ்சம் மேடாக, நேராகப் போவதைக் காட்டி, 'இதுதாம்மா கரை. இது மேல தான் ஜல்லி கொட்டியிருப்பாங்க' என்றார். அதன் மேலேயே நடந்தோம். அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் நின்று அந்தப் பக்கம் பார்த்தோம். கடல்தான் தெரிந்தது.

நைனா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: 'அந்தத் தூண நட்டவங்க யாருன்னு எங்கியாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?' இல்லை என்றேன். தூக்குப் பாலத்துக்கு அதை வடிவமைத்தவர் பேர் இருக்கிறது. கடலில் இறங்கித் தூண் நட்டவர்களுக்கு இல்லை. அதன் மேல் போனவர்களுக்கும் தகர வில்லையில் எண் மட்டும்தான் இருந்தது. 'நாங்களும் அப்பிடித்தான். கேங் நம்பர்தான்' என்றார்.

அதே வருஷம் அந்தக் கரையில் ஒன்று நடந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் 200 ஆண்டு ஆனதையொட்டி, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. தங்கள் பாட்டன் பூட்டன் நடந்த அதே வழியில், மாத்தளை வரை. ஆகஸ்ட் 12ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். காணி வேண்டும், சமமான குடியுரிமை வேண்டும், எங்களை இந்த நாட்டு மக்களாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். பத்திரிகையில் படத்தைப் பார்த்தபோது ஆயாவை நினைத்துக்கொண்டேன். உயிரோடு இருந்திருந்தால் மாத்தளை என்ற பேரைப் பார்த்ததுமே அழுதிருப்பார்.

இங்கே, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்கிற பாலம். நல்ல பாலம், வண்டி வேகமாகப் போகிறது. பழைய பாலத்தைப் பிரித்து அகற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதை நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் நல்லதுதான். ஆனால் எதன் நினைவாக? எஞ்சினியரிங் அதிசயம் என்று ஒரு பலகை, புயலைத் தாங்கியது என்று ஒரு பலகை, அவ்வளவோடு நிற்கும் என்றால் அந்த இரும்பு எடைக்குப் போனாலும் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வைக்கிறதாக இருந்தால், மண்டபம் முகாமையும் சேர்த்து வையுங்கள். ஒரு தகர வில்லையை வையுங்கள். ஒரு குடும்ப அட்டையை வையுங்கள். கடலுக்கு மேல் ஏன் பாலம் கட்டினார்கள் என்று ஒரு பையன் கேட்டால், 'கோயிலுக்குப் போக' என்று மட்டும் பதில் வரக் கூடாது.

அரசாங்கம் வைக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காலனியிலும் ஒரு சிலோன்காரர் வீடு இருக்கும். கொடைக்கானல் மலையடியில் இருக்கலாம், திருச்சி பக்கம் இருக்கலாம், மில் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். கப்பலில் வந்தபோது வயசுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபது வயசு தாண்டிவிட்டது. போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கப்பல், முகாமில் எத்தனை நாள், இந்த ஊரில் முதல் நாள் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். நான் சிலோன் ஆயாவிடம் கேட்டது ஒரே ஒரு சாயங்காலம். இன்னும் நூறு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பரீட்சை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தத் தகரப் பெட்டி இப்போது ஆயாவின் பேரன் வீட்டில் இருக்கிறது. குடும்ப அட்டையில் ஓரமெல்லாம் கரையான் அரித்துவிட்டது. போட்டோவில் ஆயாவுக்கு இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். பேர் எழுதிய இடம் இன்னும் படிக்க முடிகிறது.